கணவருக்குச் சிக்குன்குனியா, எனக்கு எட்டாவது மாதம்

2025 மே மாதம் இரண்டாம் வாரத்தில் வந்த கடிதம் இது. எழுதியவர் காரைக்காலில் பிறந்து வளர்ந்தவர். ஒன்றரை வருடத்துக்கு முன் கல்யாணமாகி, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான இந்த ரீயூனியன் தீவுக்கு வந்திருக்கிறார். கணவரின் குடும்பம் நாலைந்து தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். தீவின் கிழக்கே, மழை அதிகம் பெய்யும் ஓர் ஊரில், கணவர், மாமியாரோடு தகரக் கூரை போட்ட தனி வீட்டில் இருக்கிறார். முதல் கர்ப்பம், 34 வாரம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, அவர் கேட்டதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

"நாலு நாளாக என் கணவருக்குக் கடும் காய்ச்சல். கட்டிலிலிருந்து எழுந்தால் கால் ஊன்ற முடியவில்லை. பரிசோதனையில் சிக்குன்குனியா என்று வந்துவிட்டது. அன்றிலிருந்து அத்தை என்னை அவர் அறைக்குள் விடுவதில்லை, அவர் தட்டைக்கூடத் தொடவிடுவதில்லை. 2006-இல் இந்தக் காய்ச்சல் தனக்கு வந்ததாகவும், இனி வராது என்பதால் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொல்கிறார். பக்கத்து வீட்டில் கொடுத்த கார்ட்டிசோன் (ஸ்டீராய்டு) மாத்திரையை என் கணவர் இரண்டு நாள் போட்டார். ஊரில் அம்மாவிடம் பேசினேன். நிலவேம்புக் கஷாயம் குடி, முடிந்தால் அடுத்த விமானத்தில் கிளம்பி வந்துவிடு என்கிறார். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, முன்கூட்டியே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட்டால் நோய் ஒட்டாது என்கிறார். எனக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பிரித்து வைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. வந்தாலும் வெளியே சொல்லாமல் சமாளித்துவிடலாமா என்றும் தோன்றுகிறது. எனக்கு பிரெஞ்சும் சரியாக வராது, மருத்துவக் காப்பீட்டு அட்டையும் இன்னும் கைக்கு வரவில்லை. சீம்பாலைக் கொடுக்கலாமா? அத்தைக்கு 68 வயது, சர்க்கரை நோய் இருக்கிறது. அவருக்குத் தடுப்பூசி போடலாமா?"

கடிதம் வந்த அன்றே நாலு வரியில் அவசரப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இன்னும் பல பெண்கள் இந்தத் தீவில் இருப்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது ஒரு வரி. "வந்தாலும் வெளியே சொல்லாமல் சமாளித்துவிடலாமா" என்று கேட்டிருக்கிறீர்களே, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். இந்த ஒன்றில் மட்டும் நிதானம் கூடாது. காய்ச்சல் வந்தால் மறைக்காதீர்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் பார்த்த ஒரு குழந்தைதான் காரணம்.

2006 பிப்ரவரி. நான் மருத்துவராக இந்தத் தீவுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. தீவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களை, அதாவது சுமார் 2 லட்சத்து 66 ஆயிரம் பேரை, இந்தக் காய்ச்சல் படுக்கவைத்த காலம் அது. அந்த மாதத் தொடக்கத்தில் ஒரே வாரத்தில் 40 ஆயிரத்துக்கும் அதிகமானோர் நோயில் விழுந்தார்கள். ஒரு நாள் இரவு ஆறு நாள் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார்கள். பிறந்தபோது நல்ல எடை, நல்ல அழுகை, எந்தக் குறையும் இல்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் நாள் பாலை விட்டுவிட்டது. நான் பார்க்கும்போது உள்ளங்கையும் பாதமும் பன் மாதிரி உப்பியிருந்தன. கோவணத் துணியை மாற்றக் காலைத் தூக்கினால், அழக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடியது. பிறகுதான் பாட்டி மெதுவாகச் சொன்னார்: வலி எடுத்த அன்று தாய்க்குக் காய்ச்சல் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் மாத்திரை போட்டுக்கொண்டு போனாள்.

அந்தக் குழந்தை இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. தாய் மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவளிடம் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். எங்களுக்கே அப்போதுதான் புரியத் தொடங்கியிருந்தது. உங்களுக்கு அந்தக் குறை வேண்டாம் என்றுதான் இந்த நீண்ட பதில்.

ஆபத்து எந்த நாட்களில்?

தாயிடமிருந்து சிசுவுக்குச் சிக்குன்குனியா போகும் என்பதை உலகத்துக்கு முதலில் தெளிவாகக் காட்டியதே இந்தத் தீவின் மருத்துவர்கள்தான். 2005 மார்ச்சிலிருந்து 2006 டிசம்பர் வரை தீவின் தெற்கே நடந்த 7,504 பிரசவங்களை அவர்கள் கவனித்தார்கள். அதில் 678 தாய்மார்களுக்குக் கர்ப்ப காலத்தில் இந்த நோய் வந்திருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குப் பிரசவத்துக்கு வெகுநாள் முன்பே வந்து போய்விட்டது. அந்தக் குழந்தைகளுக்கு நோய் போகவில்லை. பிரசவ நேரத்தில் தாயின் ரத்தத்தில் கிருமி ஓடிக்கொண்டிருந்தது 39 பேருக்கு. அவர்களின் குழந்தைகளில் 19 பேருக்கு நோய் வந்தது, ஏறக்குறைய இருவரில் ஒருவருக்கு. அந்த 19 பேரில் பாதிக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் மூளையில்.

இந்தக் கணக்கை இரண்டு தடவை படியுங்கள். பயப்படுத்தும் கணக்குதான், ஆனால் ஆறுதலும் அதற்குள்ளேயே இருக்கிறது. கர்ப்பம் முழுக்க ஆபத்து விரிந்து கிடக்கவில்லை. பிரசவத்தை ஒட்டிய ஒரு வாரத்துக்குள் அடங்கியிருக்கிறது. இன்றைக்கே உங்களுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரத்தில் தணிந்து, 39 வாரத்தில் பிரசவம் ஆனால், உங்கள் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால்தான் காய்ச்சல் எந்த நாளில் வந்தது என்பது மருத்துவர்களுக்கு அவ்வளவு முக்கியம். அதை மறைத்தால், எந்தக் குழந்தையைக் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நோய் தொற்றிய குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில்தான் காய்ச்சல், பால் குடிக்காமை, தொட்டால் வலி, வீக்கம், தடிப்பு, சோர்வு எல்லாம் தெரியவரும். சாதாரணமாகப் பிரசவமான மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நோய் தலைகாட்டுவது அதற்கு அப்புறம். தாய்க்குக் காய்ச்சல் இருந்தது தெரிந்தால் மட்டுமே குழந்தையை ஒரு வாரம் போல ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்ப்பார்கள்.

அது "பிரித்து வைப்பது" இல்லை. இந்த நோய் மூச்சால் பரவாது, தொட்டால் பரவாது. ஆகவே உங்களையும் குழந்தையையும் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. குழந்தைக்கு உடம்பு முடியாமல் போனால்தான் சிறப்புப் பிரிவுக்குக் கொண்டுபோவார்கள். அங்கேயும் நீங்கள் போய் இருக்கலாம், பால் கொடுக்கலாம்.

ஆபரேஷன் செய்து முன்னதாக எடுத்தால்?

அந்த அக்கா நல்ல மனசோடு சொல்லியிருப்பார். ஆனால் அது பலன் தராது. நான் மேலே சொன்ன ஆய்விலேயே அதையும் பார்த்தார்கள். சிசேரியன் குழந்தையைக் காப்பாற்றவில்லை. கிருமி தாயின் ரத்தத்திலிருந்துதான் குழந்தைக்குப் போகிறது, எந்த வழியாகக் குழந்தை வெளியே வருகிறது என்பதால் ஒன்றும் மாறாது.

இன்னும் சொல்லப்போனால், காய்ச்சல் இருக்கும்போது அவசரப்பட்டுக் குழந்தையை எடுப்பது எதிர்த்திசையில் ஓடுவது மாதிரி. அந்த நாட்களில் குழந்தை உள்ளேயே இருப்பதுதான் நல்லது. வேறு மருத்துவக் காரணம் இல்லாவிட்டால், கிருமி தணியும்வரை பிரசவத்தைத் தூண்டாமல் இருக்கவே மருத்துவர்கள் பார்ப்பார்கள். அதோடு, 34 வாரத்தில் எடுத்த குழந்தைக்கு மூச்சுத் திணறல், பால் உறிஞ்சத் தெம்பின்மை என்று குறைமாதத்துக்கே உரிய சங்கடங்கள் வேறு.

வீட்டுக்குள் நடப்பது

உங்கள் அத்தை உங்களைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார், அதில் சந்தேகமே இல்லை. ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரியும்கூட. ஒரு தடவை வந்தவர்களுக்கு இந்த நோய் மறுபடி வராது என்பதுதான் இதுவரை நாம் கண்டது. எனவே அவரே மகனைப் பார்த்துக்கொள்ளட்டும், நல்லதுதான்.

ஆனால் தட்டையும் டம்ளரையும் பிரிப்பதால் பயன் இல்லை. நடுவில் இருப்பது கொசு. கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட, பகலில் கடிக்கும் கொசு. காலையிலும் சாயங்காலத்திலும் அதிகமாகக் கடிக்கும். உங்கள் கணவர் அறையில் ஒரு கொசு அவரைக் கடித்தால், சில நாட்களில் அதற்குள் கிருமி பெருகி, அடுத்து கடிபடுகிறவருக்குப் போய்விடும். இந்தக் கொசு தூரம் பறக்காது. பிறந்த இடத்தைச் சுற்றி நூறு இருநூறு மீட்டருக்குள்தான் அதன் வாழ்க்கை. உங்களைக் கடிக்கப்போகும் கொசு உங்கள் வீட்டு முற்றத்திலோ பக்கத்து வீட்டு முற்றத்திலோதான் பிறந்திருக்கும்.

கொசுவால் வருகிறது என்பதையே நம்பாதவர்கள் 2006-இல் இங்கே நிறையப் பேர். அத்தையோடு வாதம் பண்ண வேண்டாம். அவருடைய அக்கறையைத் தட்டிலிருந்து வலைக்குத் திருப்பிவிடுங்கள், அது போதும்.

முதல் வேலை, கணவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் தொடங்கி ஏழு நாள் வரை அவர் ரத்தத்தில் கிருமி இருக்கும். நம் ஊர்ப் பழக்கம் இரவில் வலை கட்டிப் பகலில் சுருட்டி மேலே போடுவது. இந்த நோயில் பகலில்தான் வலை அதிகம் தேவை. அவர் எழுந்து நடமாடும்போது கைகால்களில் கொசு விரட்டி மருந்து பூசிக்கொள்ள வேண்டும். நீங்கள் அவர் பக்கத்தில் உட்காரலாம், கை பிடிக்கலாம், கஞ்சி ஊட்டலாம். நீங்களும் மருந்து பூசிக்கொண்டு போங்கள், அவ்வளவுதான்.

ஒரு நாள்கணக்கும் சொல்கிறேன். அவரைக் கடித்த கொசு தயாராகச் சில நாள். அது உங்களைக் கடித்தபின் காய்ச்சல் வெளிப்பட மூன்றிலிருந்து ஏழு நாள், சில சமயம் பன்னிரண்டு நாள் வரை. ஆகவே அவருக்குக் காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து மூன்று நாலு வாரம் உங்கள் வீட்டுக் கொசுதான் உங்களுக்குப் பெரிய ஆபத்து. அது முடியும்போது உங்களுக்கு 37, 38 வாரம் ஆகியிருக்கும், பிரசவம் பக்கத்தில் வந்திருக்கும். இதனால்தான் இந்த மூன்று நாலு வாரத்தை இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

முற்றத்தில் ஒரு சுற்று

வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், வீட்டைச் சுற்றி வாருங்கள். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க வெயில் காலத்தில் ஏழெட்டு நாள் போதும் என்பதால்தான் வாரக் கணக்கு. குனிந்து நிமிர்கிற வேலையை அத்தையிடமோ பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ விடுங்கள், நீங்கள் இடத்தைக் காட்டினால் போதும்.

உங்கள் பகுதி வீடுகளுக்குள் போய்வந்தவன் என்ற முறையில் சில இடங்களை ஊகித்துச் சொல்கிறேன். துளசித் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு. வாசலில் தொங்கும் ஆர்க்கிட் செடியின் சட்டி. மழைநீர் இறங்கும் தகரக் குழாய், அதில் மாவிலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் நின்றுவிடும். வீட்டுக்குப் பின்னால் சாய்த்து வைத்த டயர், பெயிண்ட் டப்பா. அன்னாசி மாதிரி இலை அடுக்கிய அலங்காரச் செடிகள், அவற்றின் நடுக்குழியில் எப்போதும் தண்ணீர் நிற்கும். அப்புறம், யாருக்கும் தோன்றாத ஓர் இடம்: முற்றத்துக் கோயிலில் சாமி முன்னால் வைத்த பித்தளைச் சொம்பு. மாலை போட்டு, பூ மிதக்க, ஒரு வாரம் அப்படியே இருக்கும். ஒரு வீட்டில் அந்தச் சொம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன், சாமந்தி இதழுக்கு அடியில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தன. சாமிக்கு வைக்கும் தண்ணீரைத் தினம் மாற்றச் சொல்லுங்கள். அத்தை இதை மறுக்க மாட்டார், தினம் மாற்றுவதுதானே முறை. கல்லறையில் பூ வைக்கும் ஜாடிகளில் ஈரமணலை நிரப்பிவிட்டால் பூவும் நிற்கும், கொசுவும் பிறக்காது.

தண்ணீரைக் கொட்டுவதோடு விடாமல் பாத்திரத்தின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரியும். மருந்து அடிக்கும் வண்டி வரும் நாளில் கதவு சன்னலை அடைத்துவிட்டு உள்ளே இருங்கள். அந்த மருந்து பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், முட்டையைக் கொல்லாது. வண்டி வந்துபோய்விட்டது என்று சொம்பை மறந்துவிடக் கூடாது.

உடம்பில் பூசும் மருந்தை மருந்துக் கடையிலேயே, கர்ப்பிணி என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். டீட், இக்காரிடின், ஐ.ஆர். 3535 இந்த மூன்றில் ஒன்று அட்டையில் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பூசிக்கொள்ளலாம். மேலே துணி மறைக்காத இடத்தில் மட்டும், அட்டையில் சொன்ன மணிக்கு ஒருமுறை. கையில் கட்டும் பட்டை, எலுமிச்சைப்புல் தைலம் போன்றவற்றை நம்பி இருக்காதீர்கள். மூடிய அறையில் கொசுவத்திச் சுருளும் வேண்டாம். பிறந்த குழந்தைக்கு மருந்து எதுவும் பூச வேண்டாம். அதற்கு வலைதான் காவல், தொட்டிலுக்குப் பகலும் இரவும். இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

மாத்திரையும் கஷாயமும்

கார்ட்டிசோனை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு நாள் போட்டதால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் ஆரம்பக் கட்டத்தில் அதைப் போட்டால் வலி சட்டென்று அடங்கிய மாதிரி இருந்து, விட்டவுடன் இன்னும் பலமாகத் திரும்பும். ஒருவருக்கு மருந்துச் சீட்டில் எழுதிய மாத்திரை இன்னொருவர் வாய்க்குப் போகவே கூடாது. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் இரண்டும் டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை அவருக்கு வேண்டாம். உங்களுக்கோ ஆறாம் மாதம் தொடங்கியதிலிருந்தே ஐபுபுரூஃபன் எந்தக் காரணத்துக்கும் கூடாது. அது சிசுவின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

பாராசிட்டமால் இரண்டு பேருக்கும் பரவாயில்லை. ஒரு கிராம் மாத்திரையாக இருந்தால் ஆறு மணி நேர இடைவெளி, மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாளுக்கு 3 கிராமுக்கு மேல் வேண்டாம். இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு: டோலிப்ரான், டஃபால்கான், எஃபெரால்கான் மூன்றும் வேறு வேறு மருந்து என்று நினைத்து மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். மூன்றும் ஒரே பாராசிட்டமால்தான். நீங்கள் போடுவதாக இருந்தால், முதலில் தெர்மாமீட்டர் வைத்து எவ்வளவு, எத்தனை மணி என்று எழுதிவிட்டு அப்புறம் போடுங்கள். மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும், தாள் மறைக்காது.

நிலவேம்பு பற்றி அம்மாவிடம் எப்படிச் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், கஷ்டம்தான். நம் வீடுகளில் காய்ச்சல் என்றால் முதலில் நினைவுக்கு வருவதே அது. ஆனால் கர்ப்பிணிகள் நிலவேம்பைத் தவிர்க்க வேண்டும். பப்பாளி இலைச் சாறும் இதற்கு மருந்து இல்லை. இங்கே அத்தை போடும் மூலிகைத் தேநீரையும் பிரசவம் முடியும்வரை ஒதுக்கிவையுங்கள். கஞ்சி, ரசம், இளநீர், மோர் எல்லாம் தாராளமாகக் குடிக்கலாம்.

காரைக்காலுக்குக் கிளம்பலாமா?

தாய்வீட்டில் பிரசவம் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. மருத்துவராக என் பதில்: வேண்டாம். 34 வாரத்தில் பல விமான நிறுவனங்கள் மருத்துவச் சான்று கேட்கும், 36 வாரத்துக்கு மேல் ஏற்றவே மாட்டார்கள். இப்போது உங்களுக்கு ஏற்கெனவே கொசு கடித்திருந்தால், காய்ச்சல் நடுவானிலோ சென்னையில் இறங்கியோ வரும். அங்கே உங்கள் கர்ப்பத்தை இத்தனை மாதம் பார்த்த மருத்துவர் இல்லை. ஊரிலும் இந்தக் கொசு உண்டு, இந்த நோயும் உண்டு. 2006-இல் இங்கே இருந்ததைவிடப் பெரிய எண்ணிக்கையில், 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, இந்தியாவில் வந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது. உங்களுக்கு அப்போது எட்டு வயதிருக்கும். அந்தச் சமயம் மூட்டுவலியோடு காய்ச்சல் வந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். வந்திருக்கலாம் என்றால் மருத்துவச்சியிடம் சொல்லி ரத்தத்தில் பார்த்துவிடலாம். பழைய எதிர்ப்புச் சக்தி இருந்தால் இந்தக் கவலையில் பெரும்பகுதி அன்றோடு தீர்ந்தது.

அம்மா இங்கே வரட்டும். பிரசவம் ஜூன் கடைசியில் என்றால் அது குளிர்காலம், கொசு குறைந்திருக்கும். குறைந்திருக்கும் என்றுதான் சொல்கிறேன், இருக்காது என்று சொல்லவில்லை. 2005 மே மாதம் நோய் உச்சத்துக்குப் போய்க் குளிரில் அடங்கியது. எல்லாரும் ஓய்ந்துவிட்டது என்று நினைத்தார்கள். டிசம்பர் மழையோடு பலமடங்காகத் திரும்பியது. இந்த 2025-ஆம் வருடமும் உறுதிசெய்யப்பட்ட நோயாளிகள் 40 ஆயிரத்தைத் தாண்டியிருக்கிறார்கள். ஏப்ரலுக்குப் பிறகு குறைகிறது என்பதற்காக வலையைக் கழற்ற வேண்டாம்.

காய்ச்சல் வந்த அந்த நேரத்தில்

38 டிகிரியோ அதற்கு மேலோ காட்டினால், அல்லது மூட்டுவலியோடு உடம்பு சூடாக இருந்தால், பகலோ இரவோ நீங்கள் பதிவுசெய்திருக்கும் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போக வண்டி இல்லை, அல்லது வலியும் சேர்ந்துவிட்டது என்றால் அவசர மருத்துவ உதவி எண்ணான 15-ஐ அழையுங்கள். முதல் வாரத்தில் எடுக்கும் ரத்தத்தில் கிருமியை நேரடியாகக் கண்டுபிடிக்கும் சோதனை செய்வார்கள். காய்ச்சல் என்றால் சிக்குன்குனியாவாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. சிறுநீர்த் தொற்றாகவோ வேறு கிருமியாகவோ இருக்கலாம், கர்ப்பத்தில் அவையும் ஆபத்துதான். வீட்டில் உட்கார்ந்து "இதுவும் அவருக்கு வந்ததுதான்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குழந்தையின் அசைவு குறைந்தாலோ நீர் உடைந்தாலோ காய்ச்சல் இல்லாவிட்டாலும் போக வேண்டும்.

மொழிக்கு ஒரு வழி. இந்த வரிகளைத் தமிழ் எழுத்திலேயே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "ஜெ சுயி ஆன்சேந்த். ஜே த லா ஃபியேவ்ர். மோன் மரி ஆ லெ சிக்குன்குன்யா." நான் கர்ப்பிணி, எனக்குக் காய்ச்சல், என் கணவருக்குச் சிக்குன்குனியா. இந்த மூன்றைச் சொல்லிவிட்டால் மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். கணவரிடம் சொல்லி இதையே பிரெஞ்சில் ஒரு சீட்டில் எழுதவைத்து, எத்தனை வாரம், ரத்த வகை, எந்த ஆஸ்பத்திரி என்பதையும் சேர்த்து, கர்ப்பக் கோப்புக்குள் வைத்துவிடுங்கள்.

பணத்தைப் பற்றி யோசித்துத் தயங்க வேண்டாம். காப்பீட்டில் பதிவாகியிருந்தால், ஆறாம் மாதம் தொடங்கிய முதல் நாளிலிருந்து பிரசவமாகிப் பன்னிரண்டு நாள் வரை மருத்துவச் செலவு முழுவதையும் அரசுக் காப்பீடு ஏற்கும். அட்டை கையில் இல்லாவிட்டாலும் பதிவுச் சான்றுக் கடிதம் இருந்தால் போதும், அது இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். அதுவும் இல்லாவிட்டாலும் அவசரப் பிரிவு ஒரு கர்ப்பிணியைத் திருப்பி அனுப்ப முடியாது. உங்கள் ஊரில் தாய்சேய் நல மையம் இருக்கும். அங்கே மருத்துவச்சி பார்ப்பது இலவசம், காகித வேலையிலும் உதவுவார்கள். உங்கள் கணவருக்கும் ஓர் உரிமை உண்டு. பிரசவத்தை ஒட்டிய மூன்று நாளையும் சேர்த்துத் தந்தைக்கு 28 நாள் விடுப்பு இருக்கிறது. நோய் விடுப்பை இதில் கழிக்கவிடாதீர்கள், அதற்கு மருத்துவர் தனியாகச் சான்று தருவார். மூட்டுவலி சில வாரத்தில் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். மூன்று மாதம் தாண்டியும் இருந்தால் மறுபடி மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

சீம்பாலும் தடுப்பூசியும்

சீம்பாலைக் கட்டாயம் கொடுங்கள். பீய்ச்சிக் கொட்டுங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தாய்ப்பால் வழியாக இந்த நோய் போவதாகத் தெரியவில்லை. உங்களுக்குக் காய்ச்சல் இருந்தாலும் கொடுக்கலாம். மூட்டுவலியில் பிள்ளையைத் தூக்கக் கை வராவிட்டால் படுத்தபடியே பக்கத்தில் போட்டுக்கொண்டு கொடுங்கள், அத்தை தாங்கிப் பிடித்துக்கொள்ளட்டும்.

தடுப்பூசி விஷயத்தில் குழப்பம் ஏற்பட்டதில் ஆச்சரியம் இல்லை. இக்ஸ்சிக் என்ற ஊசியை 2025 ஏப்ரல் 7 முதல் இங்கே, முதலில் நாட்பட்ட நோயுள்ள 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் போடத் தொடங்கினார்கள். சில முதியவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு ஏற்பட்டு, ஒருவர் இறந்தும் போனதால், அதே மாதம் 26-ஆம் தேதி அந்த வயதினருக்கு நிறுத்திவிட்டார்கள். ஆகவே இதை எழுதும் 2025 மே மாதத்தில் 68 வயதான அத்தைக்கு அது இல்லை. 2006-இல் அவருக்கு வந்தது உண்மையிலேயே சிக்குன்குனியாதான் என்றால் அவருக்கு அது தேவையும் இல்லை. அந்தக் காலத்தில் பலர் பரிசோதனை செய்யாமலே "அதுதான்" என்று இருந்துவிட்டார்கள். சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போகும் நாளில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்றும் பார்க்க முடியுமா என்று அவர் மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். இல்லை என்று வந்தால், மகன் அறைக்குள் போகும்போது அவரும் மருந்து பூசிக்கொள்ள வேண்டும். உங்களுக்கு அந்த ஊசி கூடாது, அது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்தது.

கணவருக்குக் காய்ச்சல் தொடங்கிய தேதியை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அதிலிருந்து நாலு வாரம் எண்ணி இன்னொரு வட்டம். இடையில் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் உங்கள் உடம்புச் சூட்டைப் பார்த்து அந்தக் கட்டத்திலேயே எழுதுங்கள். அடுத்த தடவை மருத்துவச்சியிடம் போகும்போது அந்த நாட்காட்டியைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். பிரசவமானபின் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.